கோபக்காரர் வளைவு

மூன்றாம் தேதி, காலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீ, பாப்பா, மாப்பிள்ளை, பேரன் நால்வரும் நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே பார்த்துவிட்டதால் அதை இங்கே விசாரிக்கவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் நீ குழந்தையைக் காட்டுகிறாய், குழந்தை அழுகிறது, என் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

குளியலறைக் குழாய் சொட்டியது, வாஷர் மாற்றிவிட்டேன். உன் செடிகளில் ஒன்றைத் தவிர மற்றவை உயிரோடு இருக்கின்றன. அந்த ஒன்றைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். கீழ்வீட்டுப் பெண் வாரம் தவறாமல், "அக்கா எப்ப வராங்க?" என்று கேட்கிறாள். மூன்று மாதம் என்று சொல்லிப் போனவளுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது என்று நான் சொல்வதில்லை. "வருவா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிவிடுகிறேன்.

"சங்கத்துல போய் யார்கூடவும் மல்லுக்கு நிக்காதீங்க" என்று போகும்போது வாசலில் வைத்துச் சொன்னாய். நான் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேதான் எல்லாவற்றையும் செய்தேன்.

ஓய்வுபெற்ற பன்னாட்டு வளர்ச்சிப் பணியாளர் சங்கத்தில் நான் இணை உறுப்பினர் என்பதை நூறு முறை சொல்லியிருக்கிறேன், நூற்றியோராவது முறையும் கேள். பட்டம் வாங்கி அதிகாரியாக ஓய்வுபெற்றவர்களுக்கு ஓட்டு உண்டு. கள உதவியாளராக ஓய்வுபெற்ற எனக்குத் தேநீர் உண்டு, ஓட்டு கிடையாது. முப்பத்தொரு வருஷம் ஊர் ஊராகக் குடிநீர்க் குழாய் போட்டவன் நான். என்னிடம் மட்டம் பார்க்கக் கற்றுக்கொண்ட இரண்டு பேர் அங்கே முழு உறுப்பினர்களாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நேற்று நூலக மாடியில் அடுத்த ஆண்டுச் செயல்திட்டக் கூட்டம். பதினாறு பேர் வந்திருந்தோம். இவர்கள் அந்தக் காலத்தில் ஊர்க்காரர்களை உட்காரவைத்து என்னவெல்லாம் செய்தார்களோ, அதையெல்லாம் இப்போது தங்களுக்கே செய்துகொள்கிறார்கள். எங்காவது சுற்றுலா போகலாமா என்பதுதான் விஷயம். அதற்குச் சுவரில் பெரிய மரம் வரைந்தார்கள். வேர்களில் காரணங்கள், கிளைகளில் விளைவுகள். அடிமரத்தில் தலைவர் தன் கையாலேயே, 'உறுப்பினர்களிடையே மகிழ்ச்சி போதாமை' என்று எழுதினார். தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்து ஆறு கடந்த நர்ஸம்மா பக்கத்தில் இருந்தார். "இதுக்கு ஏன் மரம்? சூடா ஒரு டீ குடுத்தா போதாதா?" என்று என் காதில் சொன்னார்.

பிறகு ஆளுக்கு ஒரு வண்ண அட்டை. வந்த யோசனைகள் சுற்றுலா, மாதச் சொற்பொழிவு, நினைவு மலர். என் அட்டையில் நான் எழுதியது இது: 'நாம் வேலை செய்த ஊர்களில் ஆளுக்கு ஒன்றைக் கூப்பிட்டு, நாம் வைத்துவிட்டு வந்தது இன்னும் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும்.'

தலைவர் அதை உரக்கப் படித்தார். இத்தனை பேருக்கும் எத்தனையோ நாடுகளில் வேலை. கட்டினோம், திறந்துவைத்தோம், அறிக்கை எழுதினோம், அடுத்த விமானம் ஏறினோம். திரும்பிப் போய்ப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல யோசனை சார். ஆனா இது மதிப்பீடு மாதிரி ஆயிடும், அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு" என்று சொல்லி, என் அட்டையை ஓரத்தில் தொங்கிய தாளில் ஒட்டினார். அந்தத் தாளின் தலைப்பு 'பிறகு பேசலாம்'. என் உத்தியோகக் காலம் முழுவதும் எந்தக் கூட்டத்திலும் என் அட்டை போய்ச் சேர்ந்த இடம் அதுதான். ஓய்வுபெற்ற பிறகும் அங்கேதானா?

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, "பிறகு இல்ல சார், இப்பவே பேசலாம். நமக்கெல்லாம் எழுபது ஆச்சு, பிறகுன்னா எப்ப?" என்று கேட்டேன். யாரோ சிரித்தார்கள். தலைவர், இணை உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர விதியில் இடமில்லை என்றார். அப்போது நர்ஸம்மா எழுந்தார். "ஊருக்கு ஊர் தரையில கோடு போட்டு, ஆளுக்கு மூணு விதை குடுத்து, எது வேணுமோ அதுல போடுங்கன்னு சொன்னோமே. அப்ப யார்கிட்டயாவது பட்டம் கேட்டோமா?" என்றார். விவசாயத் திட்டங்களில் இருந்த நம் விதைக்காரர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பிடி சோளமணியை எடுத்து மேஜையில் கொட்டினார். அவர் பையில் எப்போதும் ஏதாவது விதை இருக்கும்.

ஆளுக்கு மூன்று மணி. எனக்கும் மூன்று. மூன்றையும் என் அட்டையிலேயே போட்டேன், வெட்கப்படவில்லை. எண்ணிப் பார்த்தால் சுற்றுலாவுக்குப் பதினொன்று, சொற்பொழிவுக்கு ஒன்பது, மலருக்கு ஒன்பது, என் அட்டைக்குப் பத்தொன்பது! மற்றப் பதினாறும் யார் போட்டது என்று கேட்டேன். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் உள்ளுக்குள் அதே அரிப்பு இருந்திருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை.

பேரனுக்கு என் ஆசி. குளிர் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
மல்லுக்கு நிற்காத உன் வீட்டுக்காரர்

பதினாறாம் தேதி, பகல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதில் பேரன் குப்புற விழுந்தது ஒரு பக்கம், மாப்பிள்ளையின் புது வேலை ஒரு பக்கம். என் வெற்றிக்கு ஒரே வரி: 'நல்லது, நீங்க கூப்பிட்டீங்களா?'

இன்னும் இல்லை. நர்ஸம்மா முதல் நாளே கூப்பிட்டுவிட்டார். அவருடைய சுகாதார நிலையம் நடக்கிறதாம், கூரைதான் வேறாம். தலைவர் நிறுவிய மாதிரிப் பயிற்சி நிலையத்தில் இப்போது கோழி வளர்க்கிறார்களாம். இதை அவரே கூட்டத்தில் சொன்னார், அதை மறைக்கவில்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். "கோழிங்க நல்லா இருக்காம்" என்று நர்ஸம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சேர்த்துக்கொண்டார்.

நான் மட்டும் பாக்கி. விதைக்காரர் எங்கெங்கோ விசாரித்து, நான் குழாய் போட்ட அந்த மலையூர்ப் பள்ளிக்கூடத்தின் எண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டார். எண் மேஜைமேல் பத்து நாளாகக் கிடக்கிறது. தீர்மானம் கொண்டுவந்தவன் நான். கூப்பிடப் பயப்படுகிறவனும் நான். உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

அந்த மலையை நீ பார்த்ததில்லை. மேலே ஊற்று, கீழே ஊர், இடையே ஆறு கிலோமீட்டர் குழாய், பதினொரு குழாயடிகள். நேராகச் சரிவில் இறக்கியிருந்தால் நாலு கிலோமீட்டரில் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சரிவில் மரங்கள் எல்லாம் அடியில் வளைந்து நின்றன. மண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால்தான் மரம் அப்படி வளையும். எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆகவே குழாயைப் பாறைத் தோளைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனேன். ஊர்க்காரர்கள் வேலை கூடுகிறது என்று முணுமுணுத்தார்கள். எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன், ஆனாலும் வளைத்தேன்.

மதிப்பீட்டுக்கு இளம் அதிகாரி ஒருவர் வந்தார். 'முறையான கல்வி இல்லாதவரால் தேவையின்றி நீட்டப்பட்ட குழாய். இரண்டு மழைக்காலம் தாங்காது' என்று எழுதினார். எனக்கு வரவேண்டிய பொறியாளர் பதவி அந்த ஒரு வரியோடு போனது. அந்த இளம் அதிகாரிதான் இன்று நம் சங்கத் தலைவர். முப்பத்திரண்டு வருஷமாக இந்த வரியை நான் மெல்வதைக் கேட்டுக் கேட்டு உனக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

ஒருவேளை அவர் எழுதியதுதான் சரியாக இருந்தால்? குழாய் காய்ந்து கிடந்தால்? இத்தனை வருஷம் வீட்டில் நான் பட்ட கோபம், உன்னைப் படுத்திய கோபம், எல்லாம் வீண் என்றாகிவிடும். நான் அந்த மலைக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்த வருஷத்தில் நீ கைக்குழந்தையோடு இரண்டு மாடி ஏறிக் குடம் சுமந்தாய். அதை நீ ஒரே ஒரு முறைதான் சொன்னாய்.

வெள்ளிக்கிழமை கூப்பிடுவதாக நர்ஸம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்

இருபத்தைந்தாம் தேதி, காலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

உட்கார்ந்து படி. பாப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள், உரக்கப் படி.

ஓடுகிறது!

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் யாரோ எடுத்து, ஊரில் தண்ணீர் திறந்துவிடும் அம்மாவைக் கூட்டிவந்தார்கள். நான் யார் என்று சொன்னேன். பெயர் அவருக்குப் பிடிபடவில்லை. குழாயைச் சுற்றிக் கொண்டுவந்தவன் என்றேன். "அட, நம்ம கோபக்காரரா!" என்று கத்தினார். "இருங்க, இருங்க, உசுரோடதான் இருக்கீங்களா?" என்று ஒரு சிரிப்பு.

ஒன்பது வருஷத்துக்கு முன் பெருமழையில் அந்த நேர்ச்சரிவு முழுவதும் சரிந்துவிட்டதாம். மரங்கள், பாதை, பாதையில் நின்ற டிராக்டர் எல்லாம் போய்விட்டதாம். குழாய் பாறைத் தோளில் அப்படியே இருக்கிறதாம். அன்று ஊருக்குள் வர வழியே இல்லை, ஆனால் தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்ததாம். பாறையைச் சுற்றும் அந்த இடத்துக்கு ஊரில் பெயரே 'கோபக்காரர் வளைவு'. "கோபக்காரர் வளைவுக்குப் போய் விறகு எடுத்துட்டு வான்னா பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியும்" என்றார். நான் மூக்கை உறிஞ்சினேன். "அழறீங்களா?" என்று கேட்டார். ஜலதோஷம் என்றேன்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பதினொன்றில் எட்டுக் குழாயடிதான் ஓடுகிறது. மூன்றை அவர்களே மூடிவிட்டு வீடுகளுக்குள் குழாய் இழுத்துக்கொண்டார்கள். நான் இரண்டு மாதம் இழைத்துக் கட்டிய சிமெண்ட் மேடைகளை உடைத்துப் பள்ளிக்கூடப் படிக்குப் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் வலித்தது. "வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்புறம் மேடை எதுக்குங்க?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்கு உன் இரண்டு மாடிதான் ஞாபகம் வந்தது. நீங்கள் செய்ததுதான் சரி என்றேன். நான் இப்படிச் சொன்னதைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்.

கடைசியில் அவர், "அது சரி, இத்தனை வருஷமா ஒரு போன்கூடப் பண்ணலையே, ஏன்?" என்று கேட்டார். நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

நேற்றுக் கூட்டத்தில் இதை முழுவதும் சொன்னேன். முடித்ததும் தலைவர் எழுந்தார். "அந்த அறிக்கை எழுதினது நான்தான். அன்னிக்குக் கால் சுளுக்கு. மலைமேல ஏறவே இல்ல, கீழே ஜீப்புல உட்கார்ந்து எழுதினேன்" என்றார். பரவாயில்லை என்று சொல்வது மரியாதை என்று எனக்கும் தெரியும். ஆனால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை, ஆகவே சொல்லவில்லை. "அதை எழுத்துல குடுங்க சார்" என்றேன். நர்ஸம்மா என் முழங்கையைக் கிள்ளினார். தலைவர் அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அழியாத மையில் எழுதி, கையெழுத்திட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். 'குழாயின் பாதை சரி. என் கணிப்புத் தவறு.' தாள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதன் பிறகு அவருக்கு நான்தான் தேநீர் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை எத்தனை என்றும் கேட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

அடுத்துக் கையை உயர்த்தி, இணை உறுப்பினர் என்ற வகையையே எடுத்துவிட்டார்கள். இனி எல்லோரும் உறுப்பினர்கள், எல்லோருக்கும் ஓட்டு. இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்தவன், அவர்கள் இரண்டு நாள் காத்திருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். போனோடு நிற்காமல் ஓர் ஊருக்காவது நேரில் போவது என்று தீர்மானமாகிவிட்டது. முதல் ஊர் என் மலையூர். அடுத்த மாதம் கடைசி வாரம் பயணம், ஆளுக்கு ஒருவரை வீட்டிலிருந்து கூட்டிவரலாம். படிவத்தில் உடன் வருபவர் என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். நான் வேலை செய்த ஓர் ஊரைக்கூட உனக்குக் காட்டியதில்லை என்பது அதை எழுதும்போதுதான் உறைத்தது. அந்தத் தண்ணீர்க்கார அம்மாவும், "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வராம வந்துடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாப்பாவுக்கு நீ தேவை என்று எனக்குத் தெரியும். வரச்சொல்லி உன்னை நான் வற்புறுத்தவில்லை. படிவத்தை இருபது நாள் கழித்துக் கொடுத்தால் போதும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நேற்று மாலை செருப்புக் கடைக்குப் போனேன். மலைப்பாதைக்கு உன் செருப்புகள் ஆகாது, அடியில் பிடிமானம் உள்ளதாக ஒன்று பார்த்து வைத்தேன். கடைக்காரர், "அம்மாவுக்கு என்ன அளவு சார்?" என்று கேட்டார். நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் செருப்பை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பேரனுக்கு என் முத்தம். பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். நீ நீளமாகப் பதில் எழுத வேண்டாம். கால் அளவை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் கோபக்காரர்