ரெட்டிசென்ட் என்றால்

மார்ச் 3
இன்றும் ஒரு ‘ரெட்டிசென்ட்’ பிடித்தேன். யாரோ வீட்டை விற்கத் தயங்கினார் என்பதற்கு நிருபர் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார். தயங்குபவர் ‘ரிலக்டன்ட்’. மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாதவர்தான் ‘ரெட்டிசென்ட்’. ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவனுக்கு இதைவிட என்ன சந்தோஷம்! “உங்க வீட்டுக்காரம்மா பாவம் சார்” என்றார் நிருபர். வீட்டில் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

மார்ச் 11
அவளுடைய ஸ்கேன் ரிசல்ட் வந்தது. புற்றுநோய். முதுகெலும்பு வரை பரவிவிட்டதாம். முதுகுப்பிடிப்பு என்றல்லவா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்?

மார்ச் 19
ஆஸ்பத்திரி. வார்டு டாக்டர் சின்னப் பெண். என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், “உங்க மிசஸ் ரொம்ப ரெட்டிசென்ட் சார்” என்றாள்.

பழக்கதோஷம். “ரிலக்டன்ட்னு சொல்லணும்மா. ட்ரீட்மென்ட்டுக்கு அவளுக்கு மனசில்ல, அதானே?” என்றேன்.

“இல்ல சார், தெரிஞ்சுதான் சொன்னேன். ஊசி, மருந்து எல்லாத்துக்கும் சரிங்கறாங்க. வலிக்குதான்னு கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. எவ்வளவு வலின்னு தெரியாம நான் எப்படி மருந்தைக் கூட்டறது?”

அந்தச் சொல்லில் திருத்த ஒன்றுமில்லை.

மார்ச் 20
“ஏன்டி சொல்லல?”

“சொன்னா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது. அதைப் பார்க்கறதுக்கு இந்த வலியே தேவலை.”

இப்படியும் ஒருத்தி இருப்பாளா? கோபமாக வந்தது — யார் மேல்? நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

“இப்ப என் மூஞ்சி தெரியாதுல்ல? சொல்லு.”

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, “இடுப்புல பிடிச்சு குதிகால் வரைக்கும் இழுக்குதுங்க. மூச்சை இழுத்து விட்டா கத்தி மாதிரி குத்துது. இன்னைக்கு நேத்திக்கு இல்ல… போன வருஷத்துலேருந்து.” அழுதாள். கட்டிலைத் திட்டினாள், நர்ஸைத் திட்டினாள், என்னையும். நான் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நிறுத்தியிருப்பாள்.

எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்பித்தேன்.

மார்ச் 22
மருந்தைக் கூட்டினார்கள். மத்தியானம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள், குழந்தை மாதிரி.

ஏப்ரல் 6
காலையில் போய்விட்டாள்.

மாமியாருக்கு நான்தான் ஃபோன் செய்தேன். அழுது ஓய்ந்தபின், “ரொம்ப வலிச்சுதா மாப்ளே? வாயைத் திறந்து சொல்ற பொண்ணு இல்லையே அவ” என்றார்.

“வலிச்சுது அத்தை. எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னா.”