டி.சி. வாங்கப் போன புதன்கிழமை

எடமலைப்பட்டி புதூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, ஆனந்தவள்ளி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அந்த ஊர் வெயிலில் நீங்கள் வண்டி ஓட்டுவதை நினைத்தால்தான் கவலை. பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் அப்துல் அஹத் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இருக்கின்றன. வழக்கம்போல் ரூமில் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறும் சோற்றோடு உட்காராதீர்கள்.

பஸ் ஸ்டாண்டு பஞ்சப்பூருக்கு வந்ததிலிருந்து நம் ரோட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. இட்லி மாவு வியாபாரம் பரவாயில்லை. கிரைண்டர் பெல்ட் மறுபடியும் தேய்ந்துவிட்டது. என் இடுப்பும் தேய்ந்துவிட்டது. இரண்டுக்கும் அங்கே ஸ்பேர் கிடைத்தால் அனுப்புங்கள். துறையூரில் உங்கள் அண்ணன் போட்ட மக்காச்சோளத்துக்கு மழை இல்லை என்று புலம்பினார். நான் என் புலம்பலைச் சொல்லாமல் கேட்டுக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் நம் பிள்ளையை அவள் என்றுதான் எழுதப்போகிறேன். பேசும்போது எனக்கும் பழைய பழக்கத்தில் வாய் முந்திக்கொள்கிறது. எழுதும்போது கை கொஞ்சம் நிதானமாக இருக்கிறது. கோபம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். மடித்து வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

தை மாதம் அவள் நம் இருவரிடமும் தான் பெண் என்று சொல்லி, ரங்கநாயகி என்று கூப்பிடச் சொல்லி அழுதாளே, அன்றோடு நம் வீட்டில் பேச்சு நின்றது. பேரைக்கூட எங்கோ போய்த் தேடவில்லை, ஸ்ரீரங்கத்துத் தாயார் பேரைத்தான் வைத்துக்கொண்டாள். நீங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறீர்கள். எடுத்ததும் ‘டேய்’ என்கிறீர்கள். அவள் மாடிக்குப் போய்விடுகிறாள். பேச மாட்டானா துரை என்று என்னிடம் கத்துகிறீர்கள். நடுவில் நான் இரண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, படித்துக் கிழித்தது போதும், இங்கே கம்பெனியில் விசாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஆம்பளைகளோடு தங்கி நாலு மூட்டை தூக்கினால் தன்னால் சரியாகிவிடும், காலேஜில் டி.சி. வாங்கி வை என்றீர்கள். நானும் சரி என்றேன். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. புதன்கிழமை ஸ்ரீரங்கத்தில் அவள் காலேஜுக்குப் போனேன். போய் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலேஜில் பிள்ளை வரவில்லை என்றாலோ, உடம்பு சரியில்லை என்றாலோ வகுப்பு டீச்சர் வீட்டுக்குப் போன் பண்ணிவிடுவார். ஆவணி மாதம் ஒருநாள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரங்கநாயகியோட அம்மாங்களா, உங்க பொண்ணு கிளாஸ்ல மயங்கி விழுந்துட்டாங்க என்று ஒரு பெண் குரல் சொன்னது. எனக்குப் பொண்ணு கிடையாதுங்க, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். நெஞ்சுக்குள் தெரியும், அது நம் பிள்ளைதான் என்று. ஆனாலும் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் உளுந்தை வழித்து எடுத்தேன் பாருங்கள், அந்தக் கையை என்ன செய்வது. சாயந்திரம் அந்த டீச்சரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார். ஏன் ராங் நம்பர் என்றீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மயக்கத்துக்குக் காரணம் தெரியுமா? காலேஜுக்குப் போனால் பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். ஆண்கள் பாத்ரூமுக்குப் போகப் பயம், பெண்கள் பக்கம் போனால் என்ன சொல்வார்களோ என்று கூச்சம். கொடுத்து அனுப்பிய பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அலட்சியம் என்று திட்டினேன்.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். ஆபீஸில் டி.சி. என்றதும், முதலில் வகுப்பு டீச்சர் கையெழுத்து வேண்டும், வகுப்பு முடியும் வரை வெளியே உட்காருங்கள் என்றார்கள். தாவரவியல் வகுப்பு வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது, உட்கார்ந்தேன். உள்ளே நம் பிள்ளையோடு சேர்ந்து ப்ராஜெக்ட் செய்யும் லூர்து என்ற பையன், வாழை இலையில் வரும் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். இந்தப் படத்தை வரைஞ்சது அவன்தான் என்றவன், அதே மூச்சில், ஸாரி, அவதான் என்று திருத்திக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டான். இப்போது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர், ரங்கநாயகி, நீங்க சொல்லுங்க என்றார். ஒரு பிள்ளை எழுந்து கணீரென்று பேசியது. வீட்டில் ‘ம்’ தவிர வேறு சத்தம் கேட்காத எனக்கு, அது யார் குரல் என்றே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. நம் பிள்ளைதாங்க. கேள்வி கேட்டவர்களை மடக்கி மடக்கிப் பதில் சொன்னாள். உங்கள் வாய் அப்படியே.

வகுப்பு முடிந்து டீச்சர் வந்தார். ஜென்சி என்று பேர், சின்ன வயசுதான். தானும் ஆரம்பத்தில் தடுமாறியதாகச் சொன்னார். தப்பாச் சொல்லிட்டா திருத்திட்டுப் போயிட்டே இருக்கணும்ங்க, நாம நின்னு ஸாரி ஸாரின்னு நீட்டினா, அப்புறம் அந்தப் பிள்ளைதான் நம்மள சமாதானப்படுத்தணும் என்றார். வகுப்பில் எல்லோரிடமும் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாராம், அவளை மட்டும் தனியாக நிறுத்திக் கேட்கவில்லையாம். டீச்சர்கள் பாத்ரூம் சாவியையும் கொடுத்திருக்கிறார். ஆனால் எல்லா வகுப்பும் இப்படி இல்லை. ஒரு சார் வேண்டுமென்றே வாடா போடா என்கிறாராம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறாளாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே உங்கள் ஞாபகமும் வந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

என்ன விஷயமா வந்தீங்கம்மா என்று டீச்சர் கேட்டார். அன்னிக்கு ஆட்டோவுல கொண்டாந்து விட்டீங்களே, நன்றி சொல்லலாம்னு வந்தேங்க என்று சொல்லிவிட்டேன். டி.சி. வாங்கவில்லை. இனியும் வாங்கப்போவதில்லை. உங்கள் பேச்சை இத்தனை வருஷத்தில் நான் தட்டியதில்லை, இதைத் தட்டுகிறேன். விசாவை வேறு யாருக்காவது பாருங்கள். தலை நிமிர்ந்து பேச அவளுக்கு இருப்பது அந்த ஒரு வகுப்புதான். அதிலிருந்து பிடுங்கினால் பிள்ளை நம்மிடம் தங்காது. எங்கே போகும், என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை.

தெருவிலும் ஒன்றும் சுலபமாக இல்லை. நேற்று மாவு வாங்க வந்த பாப்பாயி, அது காலேஜிலிருந்து வந்துடுச்சா என்று கேட்டாள். அதுன்னா என்ன, நான் ஆட்டுக்குட்டியா வளர்க்கிறேன் என்று கேட்டு, மாவு தீர்ந்துவிட்டது என்று அனுப்பிவிட்டேன். அண்டா நிறைய மாவு இருந்தது. இப்படியே போனால் வியாபாரமும் போய்விடும் போல. சண்டை போடவும் அலுப்பாக இருக்கிறது, போடாமல் இருக்கவும் முடியவில்லை. தனியாகச் சுமக்கிறேன் என்று ஒரு நாளும் உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது போனை அவள் கையில்தான் கொடுப்பேன். உங்களை ஒரே நாளில் மாறச் சொல்லவில்லை. பேர் வாயில் வராவிட்டால் பேர் சொல்ல வேண்டாம். மகளே என்று கூப்பிடவும் வேண்டாம். அந்த ‘டேய்’ மட்டும் இல்லாமல், சாப்பிட்டியா என்று கேளுங்கள், போதும். சாப்பிட்டேன்ப்பா என்று அவள் சொல்வாள். தை மாதத்திலிருந்து இந்த வீட்டில் யாரும் அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கும்,
ஆனந்தவள்ளி.