மூன்று ஃப்ரேம் மின்னல்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

சினிமாவுக்காகக் கம்ப்யூட்டரில் நான் உருவாக்கும் புயல் கடலில் பீப்பாய்களும் பலகைகளும் இன்று ஒருவழியாக ஒழுங்காக மிதந்தன. மின்னல் மட்டும் பொய்யாகவே இருந்தது. திரும்பினால், நைனா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வருஷம் சிங்கவரத்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கையில் மின்னல் தாக்கி அம்மா இறந்தபோது பக்கத்தில் இருந்தவர். இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவசரமாகத் திரையை அணைக்கப் போனேன்.

“இரும்மா. இவ்ளோ நேரம் நிக்காது. நான் திரும்பறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.”

அவர் போனதும் மின்னலை மூன்று ஃப்ரேமாக, கண்ணிமைக்கும் நேரமாகக் குறைத்து அனுப்பினேன். சென்னையிலிருந்து டைரக்டர் போன் செய்தார். “இப்பதான் நிஜமா இருக்கு. எப்படிப் பிடிச்சே?”

தானாக அமைந்தது என்று சொல்லிவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

பக்கத்து அறையில் நைனா புரண்டு படுக்கும் சத்தம். எழுந்து போய் அவரருகில் உட்காரப் போகிறேன்.