பூவேலைக்குள் போன மூடி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன், வழக்கம் போய்விடுமா? நேற்று அரங்கத்துக்குள் வந்து மேலே பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. நூறு வருஷத்துப் பழைய கூரை. பதினெட்டு நாள் சாரத்தில் மல்லாந்து படுத்து நான் சரிசெய்த சுண்ணாம்புப் பூவேலை. உன் ஆட்கள் மிச்ச ஏ.சி. குழாயை மாட்டுகிறோம் என்று தட்டி விரிசல் விட்டிருக்கிறார்கள். கேட்டால், "அண்ணன்கிட்ட கேளுங்க" என்கிறார்கள். அந்த அண்ணன், அதாவது நீ, போனை எடுப்பதில்லையே!

இந்த அரங்கத்தைப் புதுப்பிக்க சப்-கான்ட்ராக்ட் எடுத்த ஒன்பது பேரில் சிறந்த வேலைக்காக ஒருவருக்கு விருது. இருபதாம் தேதி நடுவர்கள் வருகிறார்கள். நீயும் விண்ணப்பித்திருப்பதை இங்கே கதவு வேலை செய்யும் தச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு தடவையாவது என் பெயரை மேடையில் யாராவது சத்தமாகக் கூப்பிட வேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஆசை அதுதான்.

அம்மாவுக்குக் கண் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை நீ.

அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

விரிசலுக்கு மன்னித்துக்கொள். ஆட்களைத் திட்டிவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள்.

தீப்பிடித்தால் புகை பரவாமல் தானாக விழுந்து அடைக்கும் தகடு ஒன்று என் குழாய்க்குள் இருக்கிறது. அதைச் சோதிக்கக் கை நுழைவதற்காகக் கூரையில் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு மூடி விட்டிருந்தேன். மூடியைக் காணோம், பூதான் இருக்கிறது. மூடியையும் சேர்த்துப் பூசிவிட்டாய் தாயே! டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன், ஒரு கோடு தெரிந்தால்தானே? இவ்வளவு நன்றாகவா ஒருத்தி வேலை செய்வாள்? என் வரைபடமும் உதவாது. உத்திரம் குறுக்கே வந்ததால் மூடியைத் தள்ளி வைத்தேன், படத்தில் திருத்தவில்லை.

பதினேழாம் தேதி தீயணைப்புச் சோதனை. தகடு விழாவிட்டால் அரங்கம் திறக்காது. எந்த இடம் என்று சொல்.

தம்பி

மார்ச் 8

தம்பி,

எனக்கும் தெரியவில்லை.

மூடி இருக்கும் இடத்துக்கு அடையாளமாக உன் ஆள் போட்டிருந்த சிவப்புக் கோட்டைப் பழைய கறை என்று நினைத்துச் சுரண்டிவிட்டேன். நேற்று முழுக்கச் சாரத்தில் ஏறி விரலால் தடவிப் பார்த்தேன். என் வேலையில் எனக்கே வழி தெரியவில்லை. ஒரு பக்கம் பெருமையாக இருக்கிறது, இன்னொரு பக்கம் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குழாய் வழியாக யாரையாவது அனுப்பு. நீ போகாதே, உன் முழங்கால் இருக்கும் லட்சணம் எனக்குத் தெரியும்.

அக்கா

மார்ச் 18

அக்காவுக்கு,

சோதனையில் தகடு விழுந்தது. அப்பாடா!

வேறு எவனும் அதற்குள் நுழைய மாட்டேன் என்றான். அதனால்தான் நானே நாற்பதடி தவழ்ந்துபோய், தகடு இருந்த இடத்தில் கீழே கம்பியைக் குத்தினேன். அது உன் பெரிய பூவின் நட்டநடுவிலா எட்டிப் பார்க்க வேண்டும்? நீ கீழே நின்று "வெட்டிடலாம்டா" என்றாய். சொன்ன கையோடு நீயே ரம்பத்தை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினாய்.

இதழ் ஓரமாகவே வெட்டி, அந்தப் பூவையே மூடியாக மாட்டினாயே, சத்தியமாக இந்தக் கட்டடத்திலேயே அதுதான் பெரிய வேலை. முழங்கால் வீங்கியிருக்கிறது, திட்டாதே.

தம்பி

மார்ச் 21

புத்திகெட்ட தம்பிக்கு,

நேற்று பத்து மணிக்கு நான் நடுவர்களிடம், "மூடியை மறைச்சுப் பூசினது நான்தான். என் தம்பிமேல தப்பு இல்ல. குழாய்க்குள்ள போய் அரங்கத்தைக் காப்பாத்தினது அவன்" என்று சொன்னேன். விருது உனக்குக் கிடைக்கட்டும் என்றுதான்.

தலைமை நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். "ஒன்பது மணிக்கே உங்க தம்பி வந்தாரே! இடம் மாத்தினதைச் சொல்லாதது அவர் தப்பு, உங்களுக்கு எதுவுமே தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரே!" என்றார். தவறை ஒப்புக்கொண்டவருக்கு விருது கிடையாதாம். இரண்டு பெயரையும் அடித்துவிட்டார். விருது கழிவறையில் ஓடு பதித்தவருக்கு. நல்ல மனுஷன், ஓடும் நேராகத்தான் இருக்கிறது.

சின்ன வயதில் எதை உடைத்தாலும் "அக்காதான்" என்று என்னைக் காட்டிவிட்டு ஓடுவாய். நாற்பத்து மூன்று வயதில் முதல் முறையாக எனக்காகப் பழியை ஏற்றிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் என்னடா?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். விருது போனதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா