செந்தண்ணீர் தெளியும் வரை

இன்று காலை அன்னவாசல் பக்கம் ஓர் ஆழ்குழாய்க் கிணற்றில் நம் சின்ன மோட்டாரை இறக்கினேன். முதலில் வந்த தண்ணீரில் துரு வாடை. அந்த வாடைக்கு நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஆலங்குடிக்கு அப்பால், முந்திரிக்காட்டு ஓரத்து ஊரை நீ மறந்திருக்க மாட்டாய். ஊருக்கென்று புதிதாகப் போர் போட்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க உதவுமா என்று தெரிந்த பிறகே மோட்டார் வைப்பதாக மூடி வைத்திருந்தார்கள். பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க நம் ஆபீஸிலிருந்து நான் தனியாகப் போனேன். குழாயில் வாரக்கணக்காகத் தேங்கியதை இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று மணி பஸ் வந்துகொண்டிருந்தது. முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இரும்பு அதிகம், குடிக்க உதவாது என்று முடிவு வந்தது. போரை மூடிவிடலாம் என்று ஊராட்சியில் பேச்சு.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த நீ, முடிவைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாய். "எத்தன குடம் வெளிய விட்ட?"

"ஒரு குடம்கூட இல்ல."

திட்டுவாய் என்று நின்றேன். "காலைல ரெண்டு பேரும் போறோம்டி" என்றாய்.

மறுநாள் காலை போரை ஒட்டிய வீட்டு அக்கா குடத்தோடு வந்தார். குடிதண்ணீருக்கு அவர்கள் அடுத்த ஊர் வரை நடந்துகொண்டிருந்தார்கள்.

"போன தடவ வந்த புள்ளதானே? பாட்டில் நெறஞ்சதும் நாய் தொரத்துன மாதிரி ஓடுச்சே!"

நீதான் சொன்னாய். "எங்க தப்புக்கா. குழாய்ல கெடந்த பழைய தண்ணியப் புடிச்சுட்டோம். அத வச்சு ஒங்க போர மூடக் கூடாது."

அக்கா உன்னையே பார்த்தார். "ஆபீஸ்காரங்க வாயில இதக் கேட்டதே இல்ல. சரி, கொட்டுறத இங்கிட்டுத் திருப்புங்க. தென்னங்கன்னுக்கு ஆகும்."

முழங்கை நீளம்கூட இல்லாத மோட்டார் ஹோஸோடு இருட்டுக்குள் இறங்கியது. பேட்டரி வயரை மாட்டினாய். சிவப்பாக வந்தது. ஊர்ப் பெண்கள் குடம் குடமாகக் கன்றுகளுக்குச் சுமந்தார்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. முப்பது குடம் ஆயிற்று. "பேட்டரி தாங்குமாடி?" என்று நீயே முணுமுணுத்தாய். நாற்பதைத் தாண்டியபோது சிவப்பு வெளுத்து, தண்ணீர் கண்ணாடியானது. எண்கள் அசையாமல் நின்றன; இனி வருவது ஊற்றுத் தண்ணீர்தான்.

நீ கையை நீட்டி அந்தத் தண்ணீரை ஏந்தினாய். "எந்தக் காலத்துல பெஞ்ச மழையோ! இப்பத்தான் வெயிலப் பாக்குது."

நாம் நடந்த தரைக்குக் கீழே, பாறை இடுக்கில், அது அத்தனை காலமும் இருந்திருக்கிறது. நானோ துருவைப் பிடித்து வந்து, இதுதான் இந்த ஊர்த் தண்ணீர் என்று சொல்லியிருந்தேன்.

அன்று பிடித்த தண்ணீர் பரிசோதனையில் தேறியது. இப்போது அங்கே மோட்டார் ஓடுகிறது, வீட்டுக்கு வீடு வாசலில் குழாய் இருக்கிறது. தண்ணீரைவிட உன்னைப் பார்த்துத்தான் நான் அன்று அதிகம் மலைத்தேன். அதை உன்னிடம் சொல்லவே இல்லை.

தண்ணீர் நல்லதா என்று யார் கேட்டாலும், அதை எப்படி எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு இரண்டு ஊர்களில், என் தப்பை ஊர் நடுவில் நின்று ஒத்துக்கொண்டேன். இரண்டு முறையும் திரும்பப் போய்த் தண்ணீர் எடுத்தேன்.