கருகிய புல்லும் அம்பிளியின் கல்யாணமும்

ஏப்ரல் 3

சிஜு சேட்டனின் ஹோம்ஸ்டேயில் பின்பக்கப் புல்தரைக்கு இன்று யூரியா போட்டேன். அவர் தங்கை அம்பிளியின் கல்யாண வரவேற்பு அடுத்த மாதம் அங்கேதான். நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் தோட்டம். நன்றாகத் தழைக்கட்டும் என்று கை கொஞ்சம் தாராளமாகவே வீசிவிட்டது. தண்ணீர் விடும்போது கரண்ட் போனது. மோட்டார் நின்றது. பாதித் தரை நனையவே இல்லை.

ஏப்ரல் 6

மஞ்சள்.

ஏப்ரல் 7

நுனியெல்லாம் கருகிவிட்டது. உரம் அதிகம், தண்ணீர் குறைவு. வேறு யாரைச் சொல்ல? உரம் கழுவிப் போகட்டும் என்று மத்தியானம் வரை கிணற்று மோட்டாரை ஓடவிட்டேன்.

ஏப்ரல் 10

இன்னும் மோசம். தண்ணீர் பாய்ந்த இடம்தான் அதிகம் வெளுத்திருக்கிறது. எப்படி? கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு! கோடையில் கடலோரத்து மட்டாஞ்சேரிக் கிணறுகள் உப்புக் கரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? பதற்றத்தில் புத்தி எங்கேதான் போச்சோ.

ஏப்ரல் 11

சிஜு சேட்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை; அதுதான் தாங்க முடியவில்லை. பிளாஸ்டிக் புல் விரிக்க ஆள் கூப்பிடப் போகிறாராம். அப்புறம் அங்கே எனக்கு என்ன வேலை?

ஒரு கொத்தைப் பிடுங்கி அவரிடம் நீட்டினேன். “அடி வெள்ளையா இருக்கு, சேட்டா. இது சாகல. மாசக் கடைசி வரைக்கும் விடுங்க.”

அவர் பதில் சொல்லுமுன், நானே பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்பிளி சொன்னாள்: “பிளாஸ்டிக் வேண்டா. வசந்திச் சேச்சி நோக்கட்டே.”

ஏப்ரல் 12

நல்ல தண்ணீர் குழாயில்தான், அதுவும் காலையில் மட்டும். ஒரு குழாய் போதாது. தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். கல்யாணம் என்றதும் யாரும் மறுக்கவில்லை. மதிலுக்கு மேலே ஹோஸ் நீட்டினார்கள். எட்டாத இடத்துக்கு என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து குடத்தில் தண்ணீர் சுமந்தார். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிய தோள். “புல்லுக்கும் வெள்ளம் சுமக்க வச்சுட்டியே” என்று முனகினார். ஆனால் நிறுத்தவில்லை.

ஏப்ரல் 17

தினமும் தண்ணீர். உரம் கூடாது, வெட்டவும் கூடாது. ஒரு மாற்றமும் இல்லை. அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துட்டேனோ?

ஏப்ரல் 21

மழை! இடியோடு கொட்டித் தீர்த்தது. எல்லோரும் உள்ளே ஓட, நான் தரை நடுவில் நனைந்துகொண்டு நின்றேன். மண்ணிலிருந்த உப்பெல்லாம் ஓடையில் போவதுபோல் இருந்தது.

ஏப்ரல் 25

காய்ந்த புல்லுக்கு நடுவே பச்சை. கண் ஏமாற்றுகிறதோ என்று குனிந்து தடவினேன். முளை உள்ளங்கையில் குத்தியது. அப்படியே மண்டியிட்டு அழுதேன். வெட்கமே இல்லை.

ஏப்ரல் 30

ஓரம் வரை பச்சை மூடிவிட்டது. சிஜு சேட்டன் சுற்றி வந்து பார்த்தார். பிளாஸ்டிக்காரரை வர வேண்டாம் என்று என் முன்னாலேயே போனில் சொன்னார். ஜெயிச்சுட்டேன்.

மே 4

வரவேற்பு. மேடையிலிருந்து இறங்கியதும் அம்பிளி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் ஆடினாள். பின்னாலேயே பாதிக் கல்யாணக் கூட்டம். புல் அசைந்து கொடுத்ததே தவிர எங்கேயும் பெயரவில்லை. திருப்பூணித்துறையிலிருந்து வந்த ஒரு அம்மா, புல்தரையைப் பார்த்துக்கொள்வது யார் என்று விசாரித்தார். சிஜு சேட்டன் என் பெயரைச் சொல்லி, என் பக்கம் கை காட்டினார். அந்த அம்மா வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கப் புதன்கிழமை போகிறேன்.

பந்தியில் இடம் இல்லை. இசக்கிமுத்து இரண்டு தட்டில் பிரியாணி வாங்கி வந்தார். நாற்காலி தேடப் போனவரைத் தடுத்தேன். புல்மேலேயே காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம்.