வால்மீனுக்குப் போட்ட லைட்டு

பிப்ரவரி 12, வியாழன்

பனி. அன்னூர் ரோடே தெரியவில்லை என்றார் பால்காரர். நல்லவேளை, விடிகாலையில் மோட்டார் ரூம் மாடிக்குப் போனபோது வானம் கொஞ்ச நேரம் திறந்து கொடுத்தது. வால்மீன் பனைமரத்துக்கு மேலே. டெலஸ்கோப்பில் பச்சை ஃபில்டர் வைத்து வாயு, சிவப்பு வைத்துத் தூசி, இரண்டையும் அளந்தாயிற்று. வாயு குறைகிறது. தூசி அப்படியே.

இன்னும் ஒரு வாரம், அப்புறம் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். அதுவரை ஒரு நாளும் விடக்கூடாது. வால்மீனை அளக்கும் எங்கள் குழுவில் கிழக்கே ஜப்பான்காரர், மேற்கே ஸ்பெயின்காரர். நடுவில் என்னை விட்டால் வேறு ஆளே இல்லை.

கேஸ் புக் பண்ணணும். மாட்டுக்குத் தவிடு.

13, வெள்ளி

போச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி அண்ணன் புதுசாக ஃபோகஸ் லைட் மாட்டியிருக்கிறார். என் மாடியைப் பார்த்து! எடுத்த படமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. ஒரு அளவும் தேறவில்லை.

வேலியோரம் அவரே வந்தார். "ஏனுங்க அம்மணி, தனியா இருட்டுல நிக்கறீங்க. பூச்சி பொட்டு கெடக்கும்னுதானுங்க லைட்டு போட்டு உட்டேன்."

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? "உங்களுக்கு எதுக்குங்ணா சிரமம், வேண்டாமுங்க" என்றேன்.

"இதுல என்னங்க சிரமம்!" சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

14, சனி

இரண்டு லைட்!

நம்ம ஊர்ப் பந்தியில் "போதுமுங்க" என்றால் இன்னொரு கரண்டி விழும். தெரிந்தும் "வேண்டாமுங்க" என்றேனே. கூச்சப்படுகிறாள் என்று இன்னொன்றையும் மாட்டிவிட்டார் மனுஷன். தார்ப்பாய் கட்டி மறைத்துப் பார்த்தேன். பனியே வெள்ளையாக எரிகிறது. ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து, "நேராச் சொல்லிப்போட வேண்டியதுதான?" இவர் யாரிடம் எதை நேராகச் சொல்லியிருக்கிறார்?

15, ஞாயிறு

விடிகாலை அதே கதை. சாயங்காலம் சொல்லியே தீர்வது என்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். காபி, முறுக்கு. "வெளிச்சம் கொஞ்சம் அதிகமோன்னு..." என்று இழுத்தேன்.

"கரண்டு பில்லப் பத்தி நீங்க ரோசன பண்ணாதீங்க கண்ணு."

ஒரு பை முருங்கைக்காயோடு திரும்பி வந்தேன். என் மேலேயே வெறுப்பு.

16, திங்கள்

இன்றும் வெள்ளைப் படம்தான். கீழே இறங்கி ஃபோனைப் பார்த்தால் ஸ்பெயின்காரர்: வால்மீனில் தூசி திடீரென்று பல மடங்கு ஏறியிருக்கிறது, ஏதோ வெடித்திருக்க வேண்டும். வியாழக்கிழமைக்கப்புறம் அவருக்கு நேற்றுதான் வானம் திறந்ததாம். ஜப்பானில் வாரமெல்லாம் மேகம். "உங்கள் அளவுகளை அனுப்புங்கள், எப்போது தொடங்கியது என்று பார்ப்போம்."

எதை அனுப்ப?

செருப்புகூடப் போடாமல் போனேன். அண்ணன் பால் கறந்துகொண்டிருந்தார். "அண்ணா, அந்த லைட்டு ரெண்டையும் அணைங்க. எனக்கு இருட்டுதான் வேணும்." கத்திவிட்டேன் போல. மாடு மிரண்டது.

அண்ணன் மாட்டைத் தடவிக் கொடுத்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா மாட்டியே இருக்க மாட்டனுங்களே" என்றார்.

17, செவ்வாய்

நல்ல இருட்டு. பனியும் இல்லை. வால்மீன் ரொம்பக் கீழே, விடியல் வெளுப்புக்குள். சிவப்பு ஃபில்டரில் தூசி விசிறி மாதிரி விரிந்து கிடக்கிறது. அளந்தேன். ஸ்பெயின்காரர் சொன்னதைவிடக் குறைவு. இறங்க ஆரம்பித்துவிட்டது.

எந்த நாள் ஏறியது, எவ்வளவு உச்சிக்குப் போனது, இனி யாராலும் சொல்ல முடியாது. ஏறிய அன்றைக்கும் இதே மாடியில்தான் நின்றிருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டு.